கட்டைவிரல் ஜவ்வு ஆபரேஷன்: தைத்த இடம் தாங்குமா?

காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் மழையில் வண்டி சறுக்கியபோது ஹேண்டில்பாரை விடாமல் பிடித்துக்கொண்டே விழுந்தேன். வலது கட்டைவிரல் மற்ற விரல்களை விட்டு வெளிப்பக்கம் மடங்கிவிட்டது. பக்கத்து கிளினிக் ஒன்றில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, எலும்பு நன்றாக இருக்கிறது, வெறும் சுளுக்குதான் என்று களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். மூட்டைப் பிடித்து நிறுத்தும் ஜவ்வு அறுந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது என்று அன்றே யாராவது சொல்லியிருந்தால் பன்னிரண்டு நாள் வீணாகியிருக்காது. எனக்கு செல்போன் ரிப்பேர் கடை. ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்தாலே விரல் தளர்ந்து ஒதுங்கும், வலியைவிட அதுதான் பயமாக இருந்தது.

அப்புறம் கை அறுவை சிகிச்சைக்கென்றே இருக்கும் டாக்டரிடம் போனேன். பால் பிராண்ட் என்ற டாக்டர் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை நிமிர்த்திய ஊர் எங்கள் வேலூர், கைக்கு வைத்தியம் தேடி நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. அவர் இரண்டு கட்டைவிரலையும் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தார். இடது விரல் ஓரிடத்தில் டக்கென்று நின்றது, வலது நிற்கவே இல்லை. ஸ்கேனில் காரணம் தெரிந்தது: அறுந்த ஜவ்வின் நுனி பக்கத்துத் தசையின் உறைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. 1962-இல் ஸ்டெனர் என்ற ஸ்வீடன் டாக்டர் எழுதிவைத்த விஷயமாம். நடுவில் அந்த உறை மாட்டிக்கொண்டதால் எத்தனை மாதம் மாவுக்கட்டு போட்டாலும் ஒட்டாது, தைத்தே ஆக வேண்டும்.

கையை மட்டும் மரத்துப்போக வைத்து, எலும்பில் ஆணி மாதிரி குட்டியாக ஒரு ஆங்கர் இறக்கி, அதிலிருக்கும் நூலால் ஜவ்வை இழுத்துத் தைத்தார்கள். "தாங்குமா டாக்டர்?" என்று கேட்டேன். "நைந்த சட்டையில் பித்தான் தைத்தால் எது போகும், நூலா துணியா?" என்று திருப்பிக் கேட்டார். அதுதான் விஷயம். நூல் லேசில் அறாது, ஜவ்வுதான் நூலிடமிருந்து கிழிந்துகொண்டு வரும், சில சமயம் ஆங்கரே எலும்பிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஜவ்வு எலும்போடு ஒட்டும்வரை மட்டும்தான் நூலுக்கு வேலை. அதனால் ஆறு வாரம் விரலை அசையவிடாத ஸ்ப்ளின்ட், மூன்று மாதம் வரை எதையும் இறுக்கிக் கிள்ளிப் பிடிக்கக் கூடாது. ஜவ்வுக்கு மேலே பட்டையான நூல் டேப் ஒன்றைச் சேர்த்துத் தைத்தால் இன்னும் உறுதி, விரலையும் சீக்கிரம் அசைக்கலாம் என்றார்கள். செலவு கூடுதல் என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன். தினம் மூட்டை தூக்குகிறவராக இருந்தால் யோசியுங்கள்.

ஐந்து மாதம் ஆகிறது. கடை ஷட்டரை வலது கையால்தான் இழுக்கிறேன், மிகச் சின்ன ஸ்க்ரூவும் பிடிபடுகிறது. பக்கவாட்டில் ஆட்டம் துளியும் இல்லை. ஆனால் விரல் இடது அளவுக்கு மடங்காது, கணு கொஞ்சம் தடிப்பாகவே நிற்கிறது, தழும்புக்கு மேலே ரூபாய் நாணயம் அளவுக்கு இன்னும் மரத்துக் கிடக்கிறது. 5-க்கு 4 கொடுப்பேன்.

இதே மாதிரி விழுந்தவர்கள் முதல் சில வாரத்துக்குள் காட்டிவிடுங்கள். பல மாதம் விட்டுவிட்டால் பழைய ஜவ்வைத் தைக்க முடியாமல் போகலாம், அப்போது பெரும்பாலும் மணிக்கட்டிலிருந்து ஒரு நரம்பு மாதிரியான தசைநாரை எடுத்துத்தான் கட்டுவார்களாம். அதுவும் சிலருக்குப் பிறவியிலேயே கிடையாது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினால் கயிறு போலத் தூக்கித் தெரியும், எனக்கு வலது கையில் இல்லவே இல்லை. முறுக்கு பிழிய மட்டும் இன்னும் வீட்டில் என்னைக் கூப்பிடவில்லை, தீபாவளிக்குப் பார்க்கலாம்.