க்ரூகரா, மானா பூல்ஸா, லுவாங்வாவா: ஆப்பிரிக்கக் காட்டில் எங்கே நடப்பது?

ஜீப்பை விட்டு இறங்கி விலங்குகள் நடமாடும் காட்டில் நடக்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் சொல்வது மூன்று இடங்கள்தான்: தென்னாப்பிரிக்காவின் க்ரூகர், ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ், ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா.

கையிருப்பைப் பார்த்துப் போகிறவர்களுக்கு க்ரூகர். பூங்கா நிர்வாகமே நடத்தும் பயணம் என்பதால் செலவு கட்டுக்குள் நிற்கும். 3 இரவு எளிய குடிசை வாசம், அதிகபட்சம் 8 பேர், துப்பாக்கியோடு இரண்டு வழிகாட்டிகள். 12 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. இந்த நடைப்பயணங்களில் முதலாவது, 1978-இல் தொடங்கிய வோல்ஹூட்டர் தடம். தன்னைக் கவ்வி இழுத்துப்போன சிங்கத்தை 1903-இல் இடுப்புக் கத்தியால் குத்திக் கொன்ற வனக்காவலர் ஹாரி வோல்ஹூட்டரின் பெயர் அது! காண்டாமிருகம் பார்க்க வேண்டும் என்றாலும் இங்கேதான் வர வேண்டும். தெற்கு லுவாங்வாவில் அது வேட்டையிலேயே அழிந்துபோனது.

மானா பூல்ஸின் கதை வேறு. ஜாம்பேசி ஆற்றங்கரையில், 1984 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் காடு. அங்கே அனா மரத்தின் நெற்றுக்காகச் சில கொம்பன் யானைகள் பின்னங்கால்களில் எழுந்து நின்று துதிக்கையை உச்சிக் கிளைக்கு நீட்டும். நடந்து போய்ப் பார்க்கிறவருக்கு அந்த உயரம் வேறு மாதிரித் தெரியும். அனுமதிச் சீட்டு வாங்கினால் வழிகாட்டி இல்லாமலும் நடக்கலாம் என்பது இங்கே விதி. தயவுசெய்து அதைப் பயன்படுத்தாதீர்கள். புதருக்குப் பின்னால் எருமை நிற்பது உங்களுக்கும் எனக்கும் தெரியாது. பல வருஷம் பயிற்சி பெற்று, தேர்வெழுதி உரிமம் வாங்கிய ஜிம்பாப்வே வழிகாட்டிக்குத் தெரியும்.

முதல்முறை போகிறவர்களுக்கு என் தேர்வு லுவாங்வா. செலவு கூடுதல்தான், ஜாம்பியத் தலைநகர் லுசாக்காவிலிருந்து, பூங்காவுக்குப் பக்கத்திலிருக்கும் ம்ஃபுவேக்கு இன்னொரு விமானமும் பிடிக்க வேண்டும். ஆனால் சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் நடக்க வைக்கும் வழக்கத்தை நார்மன் கார் என்ற வனப் பாதுகாவலர் வளர்த்தெடுத்த இடம் இது. அந்தப் பழக்கம் இன்னும் ஊறிக் கிடக்கிறது. முன்னால் துப்பாக்கி ஏந்திய வனக்காவலர், அடுத்து வழிகாட்டி, பின்னால் ஒற்றை வரிசையில் நாம். கடைசியில் தேநீர்ச் சாமான்களைச் சுமந்து ஒருவர். வழிகாட்டி சின்னத் துணிப்பையை எடுத்து ஒரு தட்டுத் தட்டுவார். உள்ளே இருக்கும் சாம்பல் பறக்கும் திசையைப் பார்த்து, நம் வாடை யானைக்கு எட்டாத பக்கமாகச் சுற்றி அழைத்துப் போவார். வழியில் யானை லத்தி கிடந்தால் அதைக் கிளறிப் பார்க்கவே கொஞ்ச நேரம் நிற்பார். அப்புறம் ஏதாவது மர நிழலில் தேநீர், தூரத்தில் நீர்யானைகளின் உறுமல். சில முகாம்களுக்கு இடையே நடந்தே போகலாம்.

லுவாங்வாவில் மழைக்காலத்தில் பாதைகள் சேறாகி, பல முகாம்கள் மூடிவிடும். அக்டோபரில் ஆற்றோரம் விலங்குகள் நிறையக் கூடும், ஆனால் 40 டிகிரி வெயில். நடப்பதற்கென்றே போகிறீர்கள் என்றால் ஜூலையைப் பிடியுங்கள்.