ஊர்வாரிப் பட்டியல் காட்டி மரச்சிற்பம் விற்கும் மொத்த வியாபாரி: கடலூர், புதுச்சேரி கடைக்காரர்கள் கவனத்துக்கு

கைவினைப் பொருள் கடை வைத்திருப்பவர்களுக்கும், புதிதாக வைக்கலாம் என்று யோசிப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. உங்கள் கடைக்கு ஒருவர் லேமினேட் செய்த தாளோடு வருவார். கேரளாவா யானை, பெங்களூருவா சன்னபட்னா பொம்மை, வடக்கா ராதாகிருஷ்ணர், வெளிநாட்டுக்காரர்களா புத்தர் தலை, காரைக்குடி பக்கமா தூண் என்று எந்த ஊரில் எந்த மரச்சிற்பம் ஓடும் என்பதைக் கட்டம் போட்டு வைத்திருப்பார். "சரக்கும் நானே தர்றேன் அண்ணே, எங்க தள்ளணும்னும் நானே சொல்லிடுறேன்" என்பார். தாளை வேண்டுமானால் வாங்கிப் பாருங்கள், சரக்கை வாங்காதீர்கள். எனக்குக் கடை கடலூர் மஞ்சக்குப்பத்தில், அவருக்குக் கிடங்கு புதுச்சேரியில். 80,000 ரூபாய்ச் சரக்கில் பாதிக்கு மேல் இன்று விற்க முடியாத மரக்கட்டை.

அந்தத் தாளில் இருப்பது முழுப் பொய் என்றால் யாரும் ஏமாற மாட்டார்கள். கேரளாவில் யானைச் சிற்பத்துக்கு மவுசு உண்டு, உண்மைதான், ஆனால் அதை அங்கேயே செதுக்குகிறார்கள். சன்னபட்னா பெங்களூருவிலிருந்து மைசூர் போகிற வழியில், சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது. வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றுகிற அந்தப் பொம்மையை இங்கிருந்து பெங்களூருவுக்கு அனுப்பு என்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கச் சொல்வதுதான். வடக்கே மரச்செதுக்கலுக்குப் பேர்போன சகாரன்பூர் இருக்கிறது, காஷ்மீரில் வால்நட் மரத்தில் செதுக்குகிறார்கள், ஆந்திராவில் மரப்பொம்மைக்குக் கொண்டபள்ளியும் ஏட்டிகொப்பாகாவும் இருக்கின்றன. இதெல்லாம் தெரிந்தவர்தான் அவர். அவருடைய கிடங்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது: எது தேங்கிக் கிடக்கிறதோ அதற்கு எதிரே ஒரு ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறார்.

எங்கள் கடை அனுபவத்தைக் கேட்டால், கடலூரில் கிரகப்பிரவேசத்துக்குக் கொடுக்கிற பிள்ளையார், நிலைக்கு மேலே வைக்கிற கஜலட்சுமி, சுவரில் மாட்டும் சின்ன பூஜை மாடம், நவராத்திரிக்கு முன்னால் மரப்பாச்சி, அவ்வளவுதான். சிதம்பரம் பக்கத்தில் இருப்பதால் நடராஜர் கேட்டும் வருவார்கள், மரத்தில் திருவாசிச் சுடர் ஒடிந்துவிடும் என்று கையில் எடுத்துப் பார்த்துவிட்டு பித்தளைக்குப் போய்விடுவார்கள். புதுச்சேரி வேறு. சனி ஞாயிறு சென்னை, பெங்களூரு கூட்டம் பைக்குள் அடங்குவதைத்தான் எடுக்கும். பிரெஞ்சுக்காரர்களும், அங்கே குடியேறி லீவுக்கு வருகிற நம் ஆட்களும் என்ன மரம், யார் செதுக்கியது என்று கேட்ட பிறகுதான் விலைக்கே வருவார்கள். அந்த இரண்டு கேள்விக்கும் இந்த ஆளின் சரக்கில் பதில் கிடையாது.

ரோஸ்வுட் யானை என்று கொடுத்தது ரோஸ்வுட் இல்லை. நெய்வேலியிலிருந்து ஒரு அம்மா வாங்கிப் போய், ஷோகேஸில் வைத்து ஈரத்துணியால் துடைத்திருக்கிறார், துணி முழுக்கப் பழுப்பு. யானையையும் துணியையும் சேர்த்தே கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். திருப்பி, உள்ளங்காலில் ஐந்து ரூபாய் நாணயத்தால் சுரண்டினேன். மேலே நூல் கனத்துக்குக் கருப்பு, உள்ளே வெளேரென்று மரம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்கள் ஆசாரியிடம் காட்டினேன். "தூங்குமூஞ்சிங்க இது. அதுலயும் வைரம் பாயாத வெளி மரம், சாயம் ஏத்திப் பாலிஷ் போட்டிருக்கான்" என்றார். தூங்குமூஞ்சி மட்டமான மரம் என்று நான் சொல்லவில்லை, தம்மம்பட்டி, அரும்பாவூர்ச் சிற்பிகள் அதிலும் வாகையிலும் அருமையாகச் செய்கிறார்கள். அதைத் தூங்குமூஞ்சி என்று சொல்லி அந்த விலைக்கு விற்க வேண்டியதுதானே.

புத்தர் தலைகள் இன்னும் மோசம். அடுக்கி வைத்த கொஞ்ச நாளில் ஒவ்வொரு தலைக்கும் கீழே வெள்ளைப் பொடி. துடைத்தால் மறுநாள் மறுபடி. கழுத்தடியில் குண்டூசித் தலை அளவுக்கு வட்ட வட்டமாக ஓட்டைகள். இந்த உளுப்பு வண்டு பதப்படுத்தாத வெளி மரத்தில் முட்டை வைக்கும், புழு உள்ளேயே தின்று வளர்ந்து, பல மாதம் கழித்து வண்டாகித் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதனால் வாங்குகிற அன்று ஒன்றும் தெரியாது. போன் பண்ணினால் "கடல் காத்து அண்ணே, உங்க ஊர்ல எல்லாமே அப்படித்தான்" என்கிறார். புதுச்சேரியில் மட்டும் மலைக்காற்றா வீசுகிறது? இதில் பயம் என்னவென்றால், பக்கத்தில் இருந்த நல்ல சரக்கையும் இப்போது தனியாக எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளையார்களில் கள்ளக்குறிச்சி ஜிஐ, அதாவது அந்த ஊர்ச் சரக்குக்கான புவிசார் குறியீடு, என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அரும்பாவூருக்கு 2020-இல், அது சரி. ஆனால் ஐந்தாறு பிள்ளையாரை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாருக்கும் தும்பிக்கை மடிப்பில் ஒரே இடத்தில் ஒரே கீறல், முதுகில் ஒரே சீராக மெல்லிய கோடுகள். மெஷினில் வெட்டியது. உளி பிடித்த கைக்கு இரண்டு பிள்ளையார் ஒன்றாக வரவே வராது. ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தப் பதிவு செய்துகொண்டவரா, பதிவு எண் என்ன என்று கேளுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்ப வாங்குகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். "பில் போதும் சார், பார்சல்ல போட்டு விட்டுடலாம்" என்று பிரான்சில் இருக்கிற என் வாடிக்கையாளர் ஒருவரிடம் என் எதிரிலேயே அந்த வியாபாரி சொன்னார். ரோஸ்வுட், சீஷம் வகை மரங்கள் 2017 தொடக்கத்திலிருந்து சைட்டிஸ் என்கிற, அரிய மரம் விலங்குகளின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. சின்ன எடைக்கு விலக்கு உண்டு, வியாபாரமாக மொத்தமாக அனுப்பினால் கைவினைப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில் தருகிற விருக்ஷ் சான்றிதழ் போன்ற காகிதம் வேண்டும். செம்மரம் என்றால் அது வேறு பெரிய தலைவலி. கூத்து என்னவென்றால், தூங்குமூஞ்சிக்கு ரோஸ்வுட் என்று பெயர் எழுதி அனுப்பினால், இல்லாத ரோஸ்வுட்டுக்கு அனுப்புகிறவர் சுங்கத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

அவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் பில்லை எடுத்துப் படிக்கச் சொன்னார். "மர அலங்காரப் பொருட்கள்" என்று மட்டும் இருக்கிறது. ரோஸ்வுட் இல்லை, கைவேலை இல்லை, கள்ளக்குறிச்சி இல்லை. வாயால் சொன்னதும் லேமினேட் தாளில் இருப்பதும் எதுவும் பில்லில் ஏறவில்லை. வேண்டுமானால் அதே தொகைக்கு வேறு சரக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், அதிலும் புத்தர் தலைதான் முதலில் நிற்கிறது!

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். 2019 சட்டப்படி மறுவிற்பனைக்கு வாங்கியவர் நுகர்வோர் கணக்கில் வரமாட்டார், அதனால் கடைக்காரனுக்கு அந்த வழி இல்லை. ஆனால் நம்மிடம் வாங்கிப்போன நெய்வேலி அம்மா நம் மேல் போடலாம், அவர் நுகர்வோர்தான். நடுவில் மாட்டுகிறவர் கடைக்காரர். 1915 என்கிற நுகர்வோர் உதவி எண் வீட்டுக்கு வாங்கி ஏமாந்தவர்களுக்குப் பயன்படும்.

யாரிடம் மரச்சிற்பம் எடுத்தாலும் மரத்தின் பெயர், கைவேலையா மெஷினா, பதப்படுத்தியதா என்ற மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், உளுத்தால் எத்தனை மாதம் வரை மாற்றித் தருவார் என்பதையும் சேர்த்து. எழுத மாட்டேன் என்றால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். அடிப்பக்கம் சுரண்டிப் பார்க்க விடாதவரிடமும் அப்படியே. முடிந்தால் தம்மம்பட்டிக்கோ கள்ளக்குறிச்சிக்கோ நேரே போய்ப் பட்டறையில் பாருங்கள், பஸ் செலவு பெரிதில்லை.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை. ஆள் இப்போது விழுப்புரம், பண்ருட்டி பக்கம் சுற்றுவதாகக் கேள்வி. பெயரை இங்கே போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். இதே மாதிரி தாளைக் காட்டி உங்களுக்கும் சரக்குக் கொடுத்திருந்தால் பில்லின் படத்தை மட்டும் எனக்குத் தனியாக அனுப்புங்கள், எல்லா பில்லிலும் இதே வாசகம்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.