700-க்கு அந்தப் பக்கம்: மடிப்பு அட்டை நிறமாலைமானி, கொடைக்கானலில் வைத்துப் பார்த்த மதிப்பீடு

வேற்றுக்கோளில் உயிர் என்றதும் பெரிய கண், ஒல்லிக் கழுத்து, பச்சைத் தோல் என்று ஓர் உருவம் மனதில் வந்து நின்றுவிடுகிறது. அப்படி ஓர் உருவத்தை இன்றைக்கு இருக்கும் எந்தத் தொலைநோக்கியாலும் காட்ட முடியாது. வேறு விண்மீனைச் சுற்றும் கோள் நமக்கு வெறும் புள்ளி. பெரும்பாலும் அந்தப் புள்ளிகூடத் தனியாகத் தெரிவதில்லை. ஆனால் அங்கிருந்து வரும் ஒளியைப் பிரித்தால் அங்கே என்ன காற்று இருக்கிறது என்று படிக்கலாம். காற்றைப் படித்தால் அதை யாராவது மூச்சு விட்டு மாற்றியிருக்கிறார்களா என்று கேட்கலாம். அதனால் இந்தக் கற்பனையில் உண்மையான ஆர்வம் உள்ளவர்கள், வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள், தொலைநோக்கிக்கு முன்னால் வாங்க வேண்டியது ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் ஒரு நிறமாலைமானிதான் என்று உறுதியாகச் சொல்வோம்.

இங்கே பார்ப்பது, அறிவியல் கிட் விற்கும் இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மடிப்பு அட்டை வகை. பல பெயர்களில் வருகிறது, உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான்: கறுப்பு அட்டை, முன்பக்கம் ஒளி நுழைய ஒரு மெல்லிய பிளவு, பின்பக்கம் கண் வைக்கும் துளையில் ஒளியைப் பிரிக்கும், மில்லிமீட்டருக்கு 1000 கோடுகள் கொண்ட கிரேட்டிங் ஃபிலிம், பிளவுக்குப் பக்கத்தில் ஒளியின் அலைநீளத்தை 400 முதல் 700 நானோமீட்டர் வரை அச்சடித்த அளவுகோல். ஒட்டி முடிக்க அரை மணி நேரம் போதும்.

முதல் குறை அந்த அளவுகோலிலேயே இருக்கிறது. உயிரின் தடயம் தேடுகிறவருக்கு முக்கியமான சங்கதிகள் ஆக்சிஜனின் வரிகள் விழும் 687, 760 என்ற இரண்டு இடங்களிலும், செடிகளைப் பொறுத்தவரை 700-க்குச் சற்று அப்பாலும்தான் நடக்கின்றன. கிட் செய்தவர்கள் சரியாக அந்த வாசலில் அளவுகோலை முடித்துவிட்டார்கள். இதைச் சரிசெய்வது சுலபம். ஃபிலிமுக்கும் பிளவுக்கும் இடையே 12 செ.மீ. இருந்தால், பிளவிலிருந்து 400 நானோமீட்டர் 5.2 செ.மீ. தள்ளி விழும், 589 என்பது 8.75 செ.மீ., 687 என்பது 11.3 செ.மீ., 760 என்பது 14 செ.மீ. பெட்டியின் ஓரம்வரை ஒரு வெள்ளைத் தாள் துண்டை ஒட்டி, பென்சிலால் நீங்களே குறித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது குறை பிளவு. அட்டையில் வெட்டிய பிளவு ஒரு மில்லிமீட்டர் அகலம் இருக்கிறது, ஓரமும் பிசிறு. அதில் வானவில் அழகாகத் தெரியும், அதன் குறுக்கே விழும் மெல்லிய நிறமாலைக் கோடுகள் தெரியாது. 12 செ.மீ. பெட்டியில் ஒரு மில்லிமீட்டர் பிளவு என்றால் ஏறக்குறைய 8 நானோமீட்டர் அளவுக்கு எல்லாம் குழம்பிப்போகும். ஒரு ஷேவிங் பிளேடை நடுவில் இரண்டாக உடைத்து (உறையோடு வைத்து உடையுங்கள்), கூர்மையான ஓரங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, நடுவில் ஜெராக்ஸ் தாள் ஒன்றைச் செருகி, இருபுறமும் டேப் போட்டுவிட்டுத் தாளை உருவிவிட வேண்டும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிளவு கிடைத்துவிடும். குழப்பம் ஒரு நானோமீட்டருக்குள் வந்துவிடுகிறது. மொத்த மதிப்பீட்டில் மிக முக்கியமான வரி இதுதான்: பிளவை மாற்றாமல் இந்தக் கிட்டை வாங்குவதில் பயனில்லை.

ஃபிலிமை ஒட்டுவதற்கு முன் அதன் வழியே ஒரு விளக்கைப் பாருங்கள். வானவில் இடமும் வலமும் விரிய வேண்டும். மேலும் கீழும் விரிந்தால் ஃபிலிமைக் கால் வட்டம் திருப்பி ஒட்டுங்கள். விரல் பட்டால் ரேகை நிரந்தரம். துடைத்தால் கோடுகள் தேய்ந்துவிடும், ஆகவே ஓரத்தைப் பிடித்து எடுங்கள். பெட்டியின் மூலைகளில் கறுப்பு டேப் சுற்றாவிட்டால் பக்கவாட்டு ஒளி கசிந்து, ஆழ்சிவப்புப் பகுதி முழுவதும் வெளிறிப்போகும். டிவிடி தட்டை உரித்துத் தாங்களே செய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: டிவிடியின் வரிகளுக்கு இடையே 740 நானோமீட்டர். ஒளி நேராக விழும் இந்த அமைப்பில் 687 ஏறக்குறைய பக்கவாட்டில் படுத்துக்கொண்டுதான் வரும், 760 வரவே வராது. பழைய சிடி தட்டு அதைவிட மேல்.

அளவு சரிபார்க்க சி.எஃப்.எல். பல்பு நல்லது. பாதரசத்தின் நீலக் கோடு 436, பச்சைக் கோடு 546, பல்பின் உள்பூச்சிலுள்ள யூரோப்பியம் தரும் ஆரஞ்சுக் கோடு 611. இப்போது எல்லா வீட்டிலும் இருக்கும் எல்.ஈ.டி. இதற்கு உதவாது, அதில் கோடுகளே கிடையாது, நீலத்தில் ஒரு மேடும் பிறகு ஒரே பரப்பும்தான். சி.எஃப்.எல். இல்லையென்றால் உப்புத் தண்ணீரில் நனைத்த கரண்டியைக் கேஸ் அடுப்பின் சுடரில் காட்டுங்கள். மஞ்சளில் ஒரே ஒரு கோடு பளிச்சென்று எழும். அது சோடியம், 589.

இனி கொடைக்கானலுக்கு வருவோம். இந்தப் பொருளைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் இங்கே இருக்கிறது. சூரியப் புள்ளியின் ஓரத்தில் வாயு நகர்வதை வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது இங்கேதான், அதுவும் நிறமாலைக் கோடுகள் சற்றே விலகியிருப்பதைப் பார்த்துத்தான். ஆய்வக வளாகத்து அருங்காட்சியகத்தில் சூரியனின் நேரடி உருவத்தையும், சூரிய நிறமாலையின் கறுப்பு வரிகளான ஃபிரான்ஹோபர் கோடுகளையும் காட்டுகிறார்கள். கிட்டைத் திறப்பதற்கு முன் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எந்தக் கோடு எங்கே என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

பிறகு பகலில் வெள்ளை மேகத்தையோ வெயில் படும் வெள்ளைத் தாளையோ நோக்கிப் பெட்டியைப் பிடியுங்கள். சூரியனை நோக்கி ஒருபோதும் கூடாது, பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டதே என்று பெட்டியை உள்ளே வைக்கவும் வேண்டாம். பனி வழியே சிதறி வருவதும் சூரிய ஒளிதான். மலையே ஒரு வெள்ளைத் திரையாகிவிடுகிறது. நீலப்பச்சையில் 486, பச்சையில் 517 பக்கம் நெருக்கமான கோடுகள், மஞ்சளில் 589, சிவப்பில் 656. இவை சூரியனுடையவை. தலையைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு ஆழ்சிவப்பின் விளிம்பைப் பொறுமையாகப் பார்த்தால், 687-இல் ஒரு கறுப்பு வரி. அது மட்டும் சூரியனுடையது இல்லை. நம் காற்றிலுள்ள ஆக்சிஜன் விழுங்கிய இடம் அது. நிறமாலை படிப்பவர்கள் அதை ‘பி’ பட்டை என்பார்கள். 760-இல் இருக்கும் இதன் அண்ணன் ‘ஏ’ பட்டை இன்னும் ஆழமானது, ஆனால் மனிதக் கண்ணின் எல்லையில் இருக்கிறது.

அந்த வரி காற்றுடையதா, சூரியனுடையதா என்ற கேள்வி ஒரு காலத்தில் பெரிய வழக்கு. 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தைக் குண்டூரில் நின்று நிறமாலைமானியால் பார்த்த பிரெஞ்சு வானியலாளர் ஜூல்ஸ் ஜான்சென், பிற்காலத்தில் மோன் பிளாங்க் மலைமேல் ஏறி இதைச் சோதித்தார். உயரம் கூடக் கூட ஆக்சிஜன் வரிகள் மெலிந்தன. ஆகவே அவை நம் காற்றுடையவை. அடிவாரத்து வத்தலக்குண்டிலும் மேலே கொடைக்கானலிலும் ஒரே நாள் பார்த்து இதைச் செய்துவிடலாம் என்று தோன்றும். 2100 மீட்டரில் தலைக்கு மேலே இருக்கும் காற்று கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆனால் அந்த வேறுபாட்டைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம், இந்தக் கிட்டிடம் அதை எதிர்பார்க்காதீர்கள். மலை ஏறுவதற்குப் பதில் சூரியனை இறங்கவிடுங்கள். சூரியன் 30 பாகை உயரத்தில் இருக்கும்போது ஒளி கடக்கும் காற்று உச்சிவேளையைப் போல் இருமடங்கு, 10 பாகையில் ஐந்தரை மடங்கு. மேற்கு திறந்திருக்கும் மன்னவனூர் புல்வெளி மாதிரி ஓரிடத்தில், சூரியன் முகட்டுக்குப் பின்னால் மறைந்த உடனே அந்தப் பக்கத்து வானத்தைப் பாருங்கள். மதியம் நூல் மாதிரி இருந்த வரி இப்போது மைக் கோடு மாதிரி தடித்திருக்கும். 656-இல் இருக்கும் ஹைட்ரஜன் கோடு அப்படியே இருக்கும், ஏனென்றால் அது சூரியனோடு வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அந்தப் பத்து நிமிடங்களுக்காகவே இந்தப் பொருளை வாங்கலாம்.

ஏன் இவ்வளவு அக்கறை என்றால், அந்த 687 வரியைப் போட்டது உயிர். செடியும் பாசியும் கடல் நுண்ணுயிர்களும் நிறுத்திவிட்டால், ஆக்சிஜன் பாறையோடும் எரிமலை வாயுவோடும் சேர்ந்து நாளடைவில் தீர்ந்துவிடும். தொலைவிலிருந்து பூமியைப் பார்க்கும் ஒருவருக்கு நம் கோவில் கோபுரமோ நகரமோ தெரியாது, இந்த வரி தெரியும். 1990 டிசம்பரில் கலிலியோ விண்கலம் பூமியைக் கடந்தபோது இதையே செய்து பார்த்தார்கள். வானியலாளர் கார்ல் சேகனும் குழுவினரும் 1993-இல் வெளியிட்ட கட்டுரையில், அந்த விண்கலம் கண்ட ஆக்சிஜன், அதோடு சேர்ந்து இருக்கக் கூடாத அளவு மீத்தேன், செடிகள் சிவப்பை விழுங்கும் விதம் ஆகியவற்றை உயிரின் அடையாளமாக வைத்தார்கள். ஆக்சிஜன் மட்டும் போதாது, நீராவியை விண்மீனின் புறஊதா ஒளி பிளந்து ஹைட்ரஜன் பறந்துவிட்டாலும் ஆக்சிஜன் மிஞ்சும். அதோடு மீத்தேனும் இருந்தால்தான் உயிர் இருக்குமோ என்ற சந்தேகம் வலுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுபவை, யாரோ தொடர்ந்து ஊற்றிக்கொண்டிருந்தால் மட்டுமே சேர்ந்து நிற்கும்.

வரி இல்லாவிட்டால் உயிர் இல்லை என்றும் சொல்ல முடியாது. பூமியில் சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உயிர் இருந்தது, காற்றில் ஆக்சிஜன் ஏறத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இடைப்பட்ட காலத்தில் யாராவது நம்மைப் பார்த்திருந்தால் வெறும் கோள் என்று எழுதியிருப்பார்கள். 2018-இல் பூத்த குறிஞ்சியைத் தவறவிட்டு 2019-இல் மலைக்கு வந்தவர், இங்கே நீலப்பூவே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போவது போல.

இரண்டாவது சோதனை சமையலறையில். கேரட் தழை ஐந்தாறு கொத்து எடுத்துக்கொள்ளுங்கள். சோலையில் இலை பறிக்க வேண்டாம், அது வனத்துறைக் காடு. தழையை நசுக்கி 30 மி.லி. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கால் மணி நேரம் ஊறவைத்து, காபி ஃபில்டர் தாளில் வடிகட்டுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், ஸ்பிரிட் தீப்பிடிக்கும். தண்ணீரில் ஊறவைத்தால் பச்சையம் இறங்காது. சாற்றைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, பழைய குண்டு பல்புக்கு முன் வைத்துப் பாருங்கள். நீலம் முழுவதும் காணாமல் போய், சிவப்பில் 665-ஐச் சுற்றி ஓர் அகலமான இருட்டு. அதைத் தாண்டி 700 பக்கம் போனதும் ஒளி திடீரென்று திரும்பி வருகிறது, அடர்ந்த மாதுளை நிறத்தில். செடி வேண்டாமென்று விடும் ஒளி அது. வேற்றுக்கோளில் செடி தேடுகிறவர்கள் எதிர்பார்ப்பதும் இருட்டிலிருந்து ஒளிக்கு ஏறும் இந்தப் படியைத்தான். சாறு மிக அடர்த்தியாக இருந்தால் எல்லாமே இருட்டாகும், ஸ்பிரிட் சேர்த்து இளம்பச்சைக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்து ஒரு பீட்ரூட் துண்டைத் தண்ணீரில் கசக்கி, ரோஜா நிறம் வரும்வரை நீர்க்கவிடுங்கள். இருட்டு இப்போது பச்சையில், 535 பக்கம். ஒரே மண்ணில் ஒரே வெயிலில் வளர்ந்தும் விழுங்கும் நிறம் வேறு. இங்கிருந்து கற்பனையை அவிழ்த்துவிடலாம். 40 ஒளியாண்டு தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட்-1 என்ற குளிர்ந்த சிவப்பு விண்மீனை ஏழு கோள்கள் சுற்றுகின்றன. அந்த விண்மீன் ஒளியில் பெரும்பங்கு அகச்சிவப்பு. அங்கே இலை என்று ஒன்று இருந்தால், கிடைக்கும் சொற்ப ஒளியையும் விடாமல் விழுங்கிக் கறுப்பாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். அப்படியானால் அதன் படி 700-இல் இருக்காது, எங்கேயோ தள்ளி இருக்கும். எந்த நிறத்தை விட்டுவிடும் என்று பிள்ளைகளைக் கேட்டு, வண்ணப் பென்சிலில் அதன் நிறமாலையை வரையச் சொல்லுங்கள். கொம்பும் வாலும் வரைவதைவிட நல்ல பயிற்சி.

இந்தக் கிட்டால் முடியாதவை நிறைய. வெள்ளியையோ வியாழனையோ இதில் பார்க்க முடியாது, ஒளி போதாது. மூன்றாம் பிறையின் இருண்ட பகுதியில் மங்கலாகத் தெரிவது பூமியிலிருந்து போய்த் திரும்பிய ஒளி. அதில் ஆக்சிஜனின் வரிகளை வானியலாளர்கள் அளந்திருக்கிறார்கள், அட்டைப் பெட்டிக்கு அது எட்டாது. கைபேசிக் கேமராவை வைத்துப் படம் எடுத்தால் 656 வரை நன்றாக வரும். கேமராவின் உள்வடிகட்டி ஆழ்சிவப்பை வெட்டிவிடுவதால் 687 பல கைபேசிகளில் விழாது. கண்ணே மேல்.

மலை ஈரத்தில் அட்டை உப்பிப் பிளவு கோணலாகிறது, கோந்து விடுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பிரச்சினை குறைவு. மற்ற மாதங்களில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். வாங்கும்போது ஃபிலிம் தனிச் சட்டத்தில் வருகிறதா என்று கேளுங்கள். வெறும் துண்டாக மடித்து அனுப்பியிருந்தால் மடிப்பு விழுந்த இடத்தில் ஒவ்வொரு கோடும் இரண்டாகத் தெரியும், அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.