கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? "மதர்போர்டு போச்சு" என்பவரிடம் பணத்தை நீட்டாதீர்கள்

14 ஆயிரம். கெட்டுப்போகாத ஒரு மதர்போர்டை (கம்ப்யூட்டரின் எல்லாப் பாகங்களும் இணையும் முக்கியப் பலகை) மாற்றுவதற்கு என்னிடம் வாங்கிய தொகை இது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இதே மாதிரி ஆள் நாளைக்கு உங்கள் வீட்டுக்கும் வரலாம்.

வீட்டு டெஸ்க்டாப் திடீரென்று ஆன் ஆகவில்லை. ராத்திரி ஒழுங்காக ஷட் டவுன் செய்தது, காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றவில்லை, பீப் சத்தம் இல்லை, ஒன்றுமே இல்லை. வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தேன், பவர் கேபிளை மாற்றினேன், பவர் சப்ளையின் பின்னால் இருக்கும் சுவிட்சையும் பார்த்தாயிற்று. ஆனால் உள்ளே மதர்போர்டில் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்கே டெக்னீஷியனை அனுப்பும் ஒரு ஆப்பில் பதிவு செய்தேன். வந்தவர் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். கேபினட்டைத் திறந்ததும் முதல் வேலையாக, "சார், ஹார்ட் டிஸ்க்கை நீங்களே கழட்டி வெச்சுக்குங்க, ஃபேமிலி போட்டோவெல்லாம் இருக்கும், நான் தொட மாட்டேன்" என்றார். அங்கேதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. ஏமாற்ற வந்தவர் இவ்வளவு அக்கறையாகப் பேசுவார் என்று யாருக்குத் தோன்றும்? அப்புறம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "போர்டு ஷார்ட் ஆயிடுச்சு சார், புதுசுதான் போடணும்" என்றார். மின்சாரம் வருகிறதா என்று அளந்து பார்க்கும் மல்டிமீட்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பாகங்களுக்கான பணத்தை டெக்னீஷியனிடமே நேரில் கொடுக்கச் சொல்லி அந்த ஆப்பிலேயே போட்டிருந்தது, அதனால் 14 ஆயிரத்தை அவர் கையில் கொடுத்தேன். பழைய போர்டை எடுத்துக்கொண்டு போய், வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டினார். மாட்டி முடித்ததும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் போர்டில் எதையோ தொட்டார், ஃபேன் சுற்றியது. அப்புறம் முன்பக்கப் பட்டனை நாலைந்து தடவை அழுத்தி அழுத்திப் பார்த்து, அதுவும் வேலை செய்ததும் கிளம்பிவிட்டார்.

கொஞ்ச நாளில் அதே கதை. பட்டனை அழுத்தினால் அசைவில்லை, உள்ளே விளக்கு மட்டும் எரிகிறது.

போன் செய்தால் "வெளியூர்ல இருக்கேன் சார், வந்துடறேன்", அதற்கு அப்புறம் எடுக்கவே இல்லை. ஆப்பில் புகார் கொடுத்தால் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு செய்தி, கொஞ்ச நேரத்தில் என் புகாரை அவர்களாகவே "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். விடாமல் கூப்பிட்டதும் ஒரு பெண் பேசினார்: பார்ட்ஸ் பணம் உங்களுக்கும் டெக்னீஷியனுக்கும் நடுவில் உள்ள விஷயமாம். நேரில் கொடுக்கச் சொன்னதே நீங்கள்தானே என்றால், மேலிடத்துக்குத் தெரியப்படுத்துகிறாராம். என் பழைய போர்டைக் கேட்டேன், ஸ்க்ராப்பில் போயிருக்கும் என்கிறார்கள். 14 ஆயிரமும் போய், என் போர்டும் போயிற்று!

கடைசியில் ஹார்டுவேர் தெரிந்த நண்பர் ஒருவர் வந்தார். முன்பக்கப் பட்டனிலிருந்து போர்டுக்கு வரும் சின்ன ஒயரை உருவிவிட்டு, அது மாட்டியிருந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டார். கம்ப்யூட்டர் ஆன் ஆகிவிட்டது. கெட்டது பட்டன்! பட்டன் செய்வதே அந்த இரண்டு பின்களை ஒரு நொடி இணைப்பதுதானாம். அது உள்ளே தேய்ந்துபோய், சில சமயம் பிடித்து சில சமயம் பிடிக்காமல் இருந்திருக்கிறது. போர்டில் அந்த விளக்கு எரிகிறது என்றால் பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட் ஸ்டாண்ட்பை, அதாவது கம்ப்யூட்டர் ஆஃபில் இருக்கும்போதும் வரும் மின்சாரம், வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதைப் பார்த்த எந்த டெக்னீஷியனும் போர்டைக் குறை சொல்வதற்கு முன்னால் பட்டனைச் சோதித்திருக்க வேண்டும் என்றார் நண்பர். அந்த ஆள் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு ஆன் செய்தது இதே பின்களைத்தான், அப்படியென்றால் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இப்போது ரீசெட் பட்டனின் ஒயரை அந்த இடத்தில் மாட்டியிருக்கிறோம், நன்றாக வேலை செய்கிறது. செலவு பைசா கூட இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது இருக்கும் எரிச்சலில் இவ்வளவுதான் முடிகிறது. மீட்டர் வைத்துப் பார்க்காமல் போர்டு போச்சு என்று சொன்னால் நம்பாதீர்கள். பட்டன் ஒயரைக் கழற்றிப் பின்களைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வரும் 24 பின் கேபிளும் பிராசஸருக்கான பவர் கேபிளும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் நீங்கள் திறக்கவே வேண்டாம், பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே ஷாக் அடிக்கலாம். எந்தப் பாகத்தை வெளியே எடுத்துக்கொண்டு போனாலும் முதலில் சீரியல் நம்பரைப் போட்டோ எடுங்கள், பழைய பாகம் கைக்குத் திரும்பி வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.