பேஸ் கிற்றாருக்கு வயரா, வயர்லெஸ்ஸா: யாழ்ப்பாண மேடைக்கு எது தோது?

பேஸ் வாசிப்பவர் பெரும்பாலும் டிரம்ஸுக்குப் பக்கத்திலேயே நிற்பவர். 6 மீற்றர் வயர் அவருக்குத் தாராளம். மேடையில் நடமாடுவதற்காக மட்டும் வயர்லெஸ் வாங்குவது வீண் செலவு. வீரசிங்கம் மண்டபம் போன்ற உள்ளரங்கில் வயரே போதும். கோவில் வீதியில் ஜெனரேற்றரில் ஓடும் திருவிழா மேடைதான் கணக்கை மாற்றுகிறது.

கிற்றாரின் கம்பிகள், அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக வயரின் வெளிப்பின்னலோடும், அதன்வழி அம்பின் (அம்ப்ளிஃபயரின்) எர்த்தோடும் தொடுத்திருக்கின்றன. அம்ப் ஒரு லைனிலும் மிக்ஸர் இன்னொரு லைனிலும் இருந்து, ஒன்றின் எர்த் பழுதென்றால், கம்பியில் கை இருக்கையில் உதடு மைக்கில் பட்டதும் கரண்ட் அடிக்கும். கூடவே பாடுகிற பேஸ்காரருக்கு இது உயிர் விஷயம். வயர்லெஸ்ஸில் கிற்றாரில் செருகும் ரான்ஸ்மிற்றர் அலையாக அனுப்ப, அம்பில் செருகிய றிசீவர் வாங்கும் என்பதால் அந்தத் தொடுப்பு அறுந்துவிடும். கிற்றாரின் ஒலியை மிக்ஸருக்குக் கொடுக்கும் டிஐ பெட்டியில் எர்த் தொடுப்பை விடுவிக்கும் கிரவுண்ட் லிஃப்ற் சுவிச் இரைச்சலை அடக்கும், இந்த ஆபத்தை அடக்காது. எதில் வாசித்தாலும் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டவே கூடாது.

இரைச்சல் பேஸுக்குத் தனிப் பகை. தடித்த ஈ கம்பியின் மூன்றாம் கட்டையில் (ஃபிரெற்) வரும் ஜி சுரம் 49 ஹேர்ட்ஸ். நம் மின்சாரத்தின் உறுமல் 50. இரண்டும் மோதினால் அந்தச் சுரம் செக்கனுக்கு ஒருமுறை பொங்கித் தாழும். அம்புக்கும் மிக்ஸருக்கும் இடையே எர்த் இருவழியில் சுற்றுவதால் வரும் உறுமல் வயர்லெஸ்ஸில் நிற்காது, அதற்கு அந்தக் கிரவுண்ட் லிஃப்ற்தான். ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் கொயில் பிக்கப் காற்றிலிருந்து பிடிக்கும் உறுமலும் நிற்காது.

சத்தத்தின் குணத்துக்கு வருவோம். பற்றரி இல்லாத பாசிவ் பேஸில் வயரின் மின்தேக்கம், மீற்றருக்குச் சுமார் 100 பிகோஃபரட், மேல்சுரங்களைக் கொஞ்சம் தின்றுவிடும். வயர்லெஸ்ஸில் அது இல்லாததால் விரல் உரசலும் கட்டை அடிபடும் சத்தமும் துலங்கும். கிற்றாரின் ரோன் திருகைச் சற்றுக் குறைத்தால் பழைய உருண்ட சத்தம் திரும்பும். பொஸ் கம்பனியின் டபிள்யூஎல்-20 வயர்லெஸ் செற்றில் வயரின் குணத்தைப் போலச் செய்யும் வசதி உள்ளேயே இருக்கிறது. பற்றரியில் ஓடும் அக்ரிவ் பேஸுக்கு அது இல்லாத டபிள்யூஎல்-20எல் தான் பொருத்தம். அக்ரிவ் பேஸின் சத்தம் பலமானது. ரான்ஸ்மிற்றரில் உடைந்து கேட்டால் கிற்றாரின் வொலியூமைத் தணியுங்கள். மலிவான பழைய அனலொக் செற்றுகளை பேஸுக்குப் பரிந்துரைக்க மாட்டோம். ஒலியைச் சுருக்கி அனுப்பி மீண்டும் விரிக்கும் முறையில், தாழ்ந்த சுரம் அணையும்போது மூச்சு வாங்குவதுபோல் ஒரு சீறல் கூடவே வரும்.

வயர்லெஸ்ஸில் சத்தம் வந்துசேரும் தாமதத்துக்குப் பயப்படத் தேவையில்லை. டபிள்யூஎல்-20 இல் 2.3 மில்லிசெக்கன், அம்பிலிருந்து 80 சென்ரிமீற்றர் தள்ளி நின்றாலே ஒலி வந்துசேர அவ்வளவு நேரமாகும்.

பயப்பட வேண்டியது துண்டிப்புக்கு. டிஜிற்றல் செற்றுகள் பல 2.4 கிகாஹேர்ட்ஸில் ஓடுபவை. வைஃபையும் புளூருத்தும் அங்கேதான். ஒத்திகையில் வெறும் வீதியில் அருமையாக ஓடியது, சனம் நிறைந்ததும் விட்டுவிட்டுக் கேட்கும். நூற்றுக்கணக்கான போன்கள் ஒரு காரணம். மனித உடம்பின் நீர் அலையை உறிஞ்சுவது இன்னொன்று. றிசீவரை அம்புக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், கிற்றாருக்கு நேர்ப்பார்வையில் இடுப்புக்கு மேலான உயரத்தில், 5 மீற்றருக்குள் வையுங்கள். டிஜிற்றல் மிக்ஸரை ரப்லெற்றால் இயக்குகிறவர்களிடம் ரவுட்டரை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். லீட் கிற்றாரும் வயர்லெஸ் என்றால் சனல் வேறாக இருக்க வேண்டும்.

வயர் பழுதானால் அநேகமாக ஜக்கின் கழுத்தில், உள்கம்பி முறிந்து கரகரக்கும். ஒரு சோல்டரிங் அயன் இருந்தால் பத்து நிமிட வேலை. பருத்தித்துறை, வல்வெட்டித்துறை உப்புக்காற்றில் ஜக் பச்சை பூக்கும், துடைத்தால் போதும். ரான்ஸ்மிற்றரின் பற்றரி ஓய்ந்தால் மேடையில் வைத்தியம் இல்லை. வெயிலில் நிற்கும் வானுக்குள் அதை விட்டுவைக்காதீர்கள். லித்தியத்துக்குச் சூடு ஆகாது. எக்ஸ்வைவ் யூ2 என்ற இன்னொரு வயர்லெஸ் செற் சுமார் 5 மணித்தியாலம் தாங்கும் என்கிறார்கள், டபிள்யூஎல்-20 12 மணித்தியாலம். விடியும்வரை போகும் கச்சேரிக்கு முதலாவது போதாது.

வயர்லெஸ்ஸில் போகிறவர்களும் ஒரு 6 மீற்றர் வயரைச் சுருட்டி அம்பின் மேலேயே வைத்திருங்கள். துண்டித்தால் முதலில் அம்பை மியூற் செய்து, பிறகு றிசீவரின் ஜக்கைக் கழற்றுங்கள். மாறிச் செய்தால் அந்த ‘டொம்’ சப்வூஃபரின் கோனைக் கிழிக்கவும் கூடும்.