ஆணியையும் நாணயத்தையும் தனித்தனியாகக் காட்டினால் நம்பாதீர்கள்

மெட்டல் டிடெக்டர் வாங்க யோசித்துக்கொண்டிருப்பவர்கள், அதிலும் ஆணியும் துருப்பிடித்த தகரமுமாகக் கிடக்கும் பழைய மனைகளில் தேடப் போகிறவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்தது ஒரு மர மேசையின் மேல், ஐந்தே நிமிடத்தில்.

விற்றவர் மேசையில் ஒரு ஆணியை வைத்துக் காயிலை, அதாவது தண்டின் நுனியில் இருக்கும் வட்டத் தட்டை, அதன் மேல் வீசினார். சத்தமே இல்லை. ஆணியை எடுத்துவிட்டு ஒரு வெள்ளி நாணயத்தை வைத்தார். கணீரென்று ஒலித்தது. "பார்த்தீங்களா சார், இரும்பு இருந்தா வாயே திறக்காது. நல்ல பொருள் இருந்தா மட்டும்தான் கூப்பிடும். குப்பை மண்ணுக்குன்னே செஞ்ச மெஷின்" என்றார். நானும் தலையாட்டினேன். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவர் ஏன் வைக்கவில்லை என்பது இப்போது புரிகிறது.

நான் தேடியது பழைய கட்டடம் ஒன்று இடிந்து விழுந்த மனை. கூரை மரமெல்லாம் மக்கிப்போய், அதில் இருந்த ஆணிகள் மட்டும் மண்ணில் மிச்சம். டிஸ்கிரிமினேஷனை, அதாவது வேண்டாத உலோகத்துக்குச் சத்தம் வராமல் ஒதுக்கும் அமைப்பை, விற்றவர் வைத்துக்கொடுத்த அளவில் அப்படியே விட்டுவிட்டு மூன்று வார இறுதிகள் நடந்தேன். பெரும்பாலும் அமைதி. எப்போதாவது ஒரு நல்ல டோன் வரும், திரையிலும் வெள்ளிக்குரிய எண் வரும். தோண்டினால் வாஷர், பாட்டில் மூடி, உள்ளங்கை அகலத் துருத்தகடு. இரும்பை விலக்குகிற மெஷின் என்றார்களே? விலக்கும், ஆணி மாதிரி சின்ன, நீளமான இரும்பை. தட்டையாகவோ வளையமாகவோ இருக்கும் இரும்பில், காயில் உலோகத்துக்குள் தூண்டிவிடும் சுழல் மின்னோட்டம் வலுவாக ஓடுவதால், மெஷின் அதை வெள்ளி, செம்பு என்று எடுத்துக்கொள்ளும். இதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

போன் செய்து கேட்டதற்கு, "காயில் சின்னது சார், ஆழம் போதல. பதினைந்து இஞ்ச் போடுங்க" என்றார். அதற்கும் தனியாகப் பணம் கட்டினேன். நிலைமை இன்னும் மோசமானது. காயில் தனக்குக் கீழே இருப்பதையெல்லாம் சேர்த்துத்தான் கேட்கும். அகலம் கூடினால் ஒரே நேரத்தில் அதன் கீழே வரும் ஆணிகளும் கூடும். குப்பை மண்ணுக்கு வேண்டியது ஐந்து, ஆறு இஞ்ச் காயில். ஆழம் குறையும், ஆனால் இரண்டு ஆணிகளுக்கு நடுவே எட்டிப்பார்க்கும். எனக்குக் கிடைத்த அறிவுரை நேர் எதிர்.

அப்புறம் ஒருநாள், இந்தத் தேடலில் பல வருடமாக இருக்கும் நண்பரை அந்த மனைக்குக் கூட்டிப்போனேன். அவருடையது பழைய மெஷின், காயில் சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. டிஸ்கிரிமினேஷனைக் கிட்டத்தட்ட அணைத்தே வைத்திருந்தார். மனை முழுக்க 'குர்... குர்...' என்று இரும்பு உறுமியது. எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. நான் நாலு முறை நடந்து 'காலி' என்று முடிவுகட்டிய மூலையில் அவர் நின்றார். அந்த உறுமலுக்கு நடுவே 'டிக்' என்று ஒரு சிறு ஒலி, கண்ணாடி டம்ளரை நகத்தால் தட்டியதுபோல. காயிலைக் குட்டையாக முன்னும் பின்னும் ஆட்டினார். உடம்பைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, குறுக்கே நின்று மறுபடி வீசினார். அப்போதும் 'டிக்'. "ஆணியா இருந்தா ஒரு பக்கம் ஏமாத்தும் தம்பி, திரும்பி நின்னா காணாமப் போயிடும்" என்றார்.

தோண்டுவதற்கு முன் என் மெஷினையும் அதே இடத்தில் வீசிப் பார்த்தேன். மூச்சுகூட இல்லை. நாலு விரல் ஆழத்தில் பச்சைக் களிம்பேறிய செப்புக் காசு ஒன்று கிடைத்தது. அதிலிருந்து ஒரு விரல் தள்ளி, வளைந்த ஆணி.

என் மெஷின் ஆணியை ஒதுக்கியபோது பக்கத்தில் இருந்த காசையும் சேர்த்து விழுங்கிவிட்டது. ஒரு சிக்னலை முடித்துவிட்டு அடுத்ததற்குத் தயாராக அதற்கு அதிக நேரம் பிடிக்கும். ரெகவரி ஸ்பீடு என்பார்கள். ஆணி நிறைந்த மண்ணில் எல்லாமே அந்த வேகத்தில்தான் இருக்கிறது. நான் மூன்று வாரம் 'காலி மண்' என்று நினைத்துத் தாண்டிப்போனது எத்தனை காசோ.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு கருவியோடு போனார். குண்டு அகப்படவில்லை. மெத்தையில் இருந்த உலோகச் சுருள்கள் குழப்பியது ஒரு காரணம் என்பார்கள். ஜனாதிபதிக்கே அந்தக் கதி என்றால் என் மனை எம்மாத்திரம்.

சரி, திருப்பிக் கொடுக்கப் போனேன். கையோடு ஒரு மரப்பலகையும் கொண்டுபோனேன். நாலு ஆணிகளைப் படுக்கவைத்து ஒட்டி, நடுவே ஒரு காசு. பழகியவர்கள் மெஷினைச் சோதிக்கும் பழைய முறை இது. "நீங்களே வீசிக் காட்டுங்கள்" என்றேன். பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதெல்லாம் கம்பெனி டெஸ்ட் இல்ல சார்." மண் பட்ட மெஷினைத் திரும்ப எடுப்பதில்லை என்றும் சொன்னார். மண்ணில் தேடுவதற்கென்று விற்ற பொருளில் மண் பட்டது என் குற்றமாம்!

வாங்கப் போகிறவர்கள் இப்படி ஒரு பலகையோடு போங்கள். காயிலை ஒரே திசையில் வீசவிடாதீர்கள், எல்லாப் பக்கத்திலிருந்தும் வீசச் சொல்லுங்கள். சின்னக் காயில் அந்த மாடலுக்குக் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். என்னுடையதற்குக் கிடைக்காது, அதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இரும்பு அதிகமில்லாத திறந்த வயலில் இந்த மெஷின் ஒழுங்காகவே வேலை செய்கிறது, அதை மறைக்கக் கூடாது. விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். வாங்க வருகிறவருக்கு முதலில் அந்தப் பலகையைத்தான் எடுத்து வைப்பேன்.