23அண்ட்மீ: பூர்வீகம் அறிய வாங்கலாம், புற்றுநோய் அறிய வேண்டாம்

நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். பிறந்தநாளுக்கு மகள் இந்த மரபணுச் சோதனைப் பெட்டியை வாங்கிக் கொடுத்தாள். பூர்வீகம் அறியும் ஆவலுக்கு இது நல்ல பொருள். ஆனால் குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்கள் இதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது; அதற்காகவே எழுதுகிறேன்.

எச்சில் கொடுப்பது எளிது. அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, தண்ணீர் எதுவும் கூடாது. குழாயில் உள்ள கோடுவரை நிரப்ப வேண்டும். நுரை கணக்கில் சேராது. வாய் வறண்டால் கன்னத்தை வெளியிலிருந்து தேய்த்துவிடுங்கள், ஊறும். மூடியை அழுத்தினால் அதிலுள்ள திரவம் எச்சிலோடு கலந்துவிடும். குலுக்கி அஞ்சலில் சேர்க்க வேண்டியதுதான். பூர்வீக வரைபடத்தை மகளும் நானும் வெகுநேரம் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு பிஆர்சிஏ அறிக்கையைத் திறந்தோம். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்களில் மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் மாறுபாடுகள் உண்டா என்று பார்ப்பது அது. என் சித்திக்கு இளம் வயதிலேயே மார்பகப் புற்றுநோய் வந்தது. எனக்கு மாறுபாடு எதுவும் தென்படவில்லை என்று கேட்டதும் சித்தி மகள், "அப்படியென்றால் நமக்குப் பயமில்லைதானே அக்கா?" என்றாள். எனக்குப் பதறிவிட்டது. 2018இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்நிறுவனம் சோதித்துச் சொல்ல அனுமதித்தது மூன்றே மாறுபாடுகளை. அவை மத்திய, கிழக்கு ஐரோப்பிய வம்சாவளியினரான அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. 2023இல் அது 44 ஆனது. அந்த இரண்டு மரபணுக்களில் அறியப்பட்ட மாறுபாடுகளோ ஆயிரத்துக்கும் மேல். எங்கள் வீட்டில் வருவது இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றாக இருந்தால் இந்தச் சோதனையின் கண்ணில் அது படவே படாது. அறிக்கையிலும் இந்த எல்லையைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பயத்தோடு திறப்பவர் அவ்வளவு தூரம் படிப்பதில்லை.

முதலில் சோதிக்க வேண்டியது நோய் வந்தவரை. சித்தியை மரபணு ஆலோசகரிடம் அழைத்துப்போய், அந்த மரபணுக்களை முழுமையாகப் படிக்கும் சோதனையைச் செய்யச் சொன்னேன். சித்தியிடம் மாறுபாடு ஒன்று கிடைத்தால், மற்றவர்களிடம் பெரும்பாலும் அதைத் தேடினாலே போதும்.

தரவு விஷயத்தில் என் மனம் இன்னும் ஆறவில்லை. வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொற்களைக் கொண்டு 2023இல் சுமார் 14,000 கணக்குகளுக்குள் திருடர்கள் நுழைந்தார்கள். உறவினரைக் காட்டும் வசதியின் வழியாக ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரங்கள் போயின. என் எச்சிலில் என் தம்பியின் மரபணுவிலும் பாதி இருக்கிறது. அவனை யாரும் கேட்கவில்லை. 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. பிறகு அதன் நிறுவனர்களில் ஒருவரான ஆன் வோஜ்சிக்கி தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு வாங்கியது.

பெட்டியை வாங்கியவர்கள் தங்கள் கணக்கின் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) சென்று தரவை நிரந்தரமாக அழிக்கலாம். சேமித்து வைத்த எச்சிலையும் அழிக்கச் சொல்லலாம், ஆராய்ச்சிக்கு அளித்த ஒப்புதலையும் திரும்பப் பெறலாம். அழிக்கும் முன் அறிக்கைகளைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே முடிந்த ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்ட தரவை மட்டும் மீட்க முடியாது.